புதிய கைபேசி வாங்குமுன்

நம் அங்கத்தினர்களில் கைபேசி இல்லாதவர் இன்று மிகச் சிலரே. நெய்த சேலையின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதும், தமிழக அரசு 2018-இல் தொடங்கிய உழவன் செயலியில் சந்தை விலையைப் பார்ப்பதும், கூலியும் கொள்முதல் பணமும் வந்து சேர்ந்தனவா என்று அறிவதும் அந்தச் சிறு கருவியின் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆகையால் அது மந்தமாகும்போது, "அடுத்து எதை வாங்குவது?" என்னும் கேள்வி குடும்பச் செலவைப் பற்றியதாக மட்டும் நில்லாமல் தொழிலைப் பற்றியதாகவும் ஆகிவிடுகின்றது. சங்கங்களுக்குச் செல்லுமிடங்களில் இக்கேள்வி என்னிடமும் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. கணக்குப் பார்ப்பவன் என்னும் முறையில் நான் சொல்லும் விடை இது: பெட்டியின் மேல் அச்சிட்ட தொகை ஒரு கைபேசியின் விலையன்று, அக்கருவி அச்சமின்றி உழைக்கக்கூடிய ஆண்டுகளால் அத்தொகையை வகுத்து வருவதே அதன் விலை.

போட்டியிடும் ரகங்களுள் ஒன்றாக, கையிலிருக்கும் பழைய கைபேசியையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். கைபேசி மந்தமாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு. சேமிப்பு இடம் நிரம்பியிருத்தல் ஒன்று. நாள்தோறும் வந்து குவியும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்தாலே பல கைபேசிகள் மீண்டும் சுறுசுறுப்படைகின்றன. பேட்டரி தேய்ந்திருத்தல் மற்றொன்று. ஆப்பிள் கம்பெனி, பேட்டரி பழசாகிவிட்ட ஐபோன்கள் திடீரென நின்றுவிடாமலிருக்க அவற்றின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 2018-இல் 29 டாலராகக் குறைத்தது. புதிய கைபேசி வேண்டுமென்று எண்ணியிருந்த பலருக்கு வேண்டியிருந்தது புதிய பேட்டரி மட்டுமே என்பது அப்போது வெளிப்பட்டது.

ஆனால் பேட்டரியை மாற்றியும் பயனில்லாத நிலை ஒன்றுண்டு. அது பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன நிலையாகும். கைபேசியை இயக்கும் ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். முதலிய அடிப்படை நிரல்களில் குறைகள் கண்டுபிடிக்கப்பட்ட வண்ணமே இருக்கின்றன. அக்குறைகளின் வழியே திருடர் புகாதபடி கம்பெனி அவ்வப்போது அனுப்பும் செப்பனிடுதலே பாதுகாப்புப் புதுப்பிப்பு எனப்படுவது. கூரையில் ஓடு மாற்றுவது போன்ற வேலை அது. வெளியே தெரியாது, நின்றுவிட்டால்தான் ஒழுகும். 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின் நம் வங்கிக் கணக்கு சட்டைப்பையில் வந்து அமர்ந்திருக்கின்றது. ஆகவே இதை அலட்சியம் செய்தற்கில்லை. நாளடைவில் செயலிகளும் பழைய நிரலைக் கைவிட்டு விடுகின்றன. 2013-இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.4 நிரல் உள்ள கைபேசிகளில் 2025 ஜனவரி முதல் வாட்ஸ்அப் இயங்காமல் நிறுத்தப்பட்டது. உங்கள் கைபேசியின் செட்டிங்ஸ் பகுதியில் கருவியைப் பற்றிய விவரங்களைத் திறந்தால், கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் வந்தது என்று காணலாம். அத்தேதி ஓராண்டுக்கு முற்பட்டதாயின், அக்கருவியில் பணப் பரிமாற்றம் செய்வதை விட்டுவிடுவதே நலம். புதிது வாங்குவதற்கு நான் ஏற்கும் காரணம் அதுவே.

இனி, புதிய ரகங்களைப் பார்ப்போம். எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு அளிப்போம் என்பதைக் கம்பெனிகள் இப்போது முன்கூட்டியே அறிவிக்கின்றன. கூகிள் கம்பெனி 2023 அக்டோபரில் வெளியிட்ட பிக்ஸல் 8 ரகத்திற்கு ஏழாண்டு வாக்களித்தது. 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 ரகத்திற்கும் ஏழாண்டுகளே. ஆப்பிள் கம்பெனி இவ்வாறு விளம்பரம் செய்வதில்லையாயினும் செய்கையில் காட்டியிருக்கின்றது; 2019-இல் வந்த ஐபோன் 11 ரகத்திற்கு 2025-இல் வெளியான ஐ.ஓ.எஸ். 26 கிடைத்தது. இவையெல்லாம் நம்மில் பலருக்கு எட்டாத விலையுள்ளவை. ஆகவே எட்டக்கூடிய இரண்டை எடுத்துக்கொள்வோம்.

ஒரே கம்பெனியார் 2024-இல் வெளியிட்ட கேலக்ஸி ஏ06, கேலக்ஸி ஏ16 5ஜி என்னும் இரண்டும் நல்ல உதாரணங்கள். முன்னது அறிமுகமானபோது ஏறத்தாழ 10,000 ரூபாய். பாதுகாப்புப் புதுப்பிப்பு நான்காண்டுகள். பின்னது ஏறத்தாழ 19,000 ரூபாய், ஆறாண்டுகள். வகுத்துப் பார்த்தால் முன்னதற்கு ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாயும் பின்னதற்கு 3,170 ரூபாய் அளவிலும் ஆகின்றது. விலை அதிகமானதே கடைசியில் மலிவு என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எப்போதும் சரியன்று என்பதற்கு இது சான்று. நிற்க.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இந்த ஆண்டுக் கணக்கு பொதுவாக ரகம் முதன்முதல் வெளியான நாளிலிருந்து தொடங்குமேயன்றி, நீங்கள் வாங்கிய நாளிலிருந்தன்று. வெளியாகி ஈராண்டு கழிந்தபின் இவ்விரு ரகங்களும் விலை குறைந்து முறையே 8,000, 15,000 ரூபாய்க்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னதற்கு மீதி இரண்டே ஆண்டுகள். ஆண்டொன்றுக்கு 4,000 ரூபாய். பின்னதற்கு மீதி நான்காண்டுகள். ஆண்டொன்றுக்கு 3,750 ரூபாய். கணக்குத் தலைகீழாக மாறிவிட்டது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் குவித்து வைக்கப்படும் சரக்கில் பழைய ரகங்கள் கலந்திருக்கும். ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இந்த ரகம் எந்த ஆண்டு, எந்த மாதம் வெளிவந்தது?" என்பதே. விதை வாங்கும்போது பொட்டலத்தின் மேலுள்ள காலாவதித் தேதியைப் பார்க்காத விவசாயி உண்டா?

நெசவாள அங்கத்தினர் பெரிதும் ஏமாறும் இடம் காமிரா. 50 மெகாபிக்ஸல், 108 மெகாபிக்ஸல் என்று எண்களை அடுக்குகின்றனர். நூலின் நம்பரை மட்டும் சொல்லிச் சேலைக்கு விலை கேட்பவனை நாம் நம்புவோமா? 108 மெகாபிக்ஸல் காமிராக்களிற் பல, அக்கம் பக்கத்துப் புள்ளிகள் ஒன்பதை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸல் படமாகவே வழக்கத்தில் தருகின்றன. அதையும் வாட்ஸ்அப் அனுப்பும்போது சுருக்கிவிடுகின்றது. மிகுந்த தெளிவுடன் அனுப்பும் வசதி 2023-இல் சேர்க்கப்பட்டது. அதை நாமே தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆவணமாக அனுப்பினால் படம் சுருங்காமலே போய்ச் சேரும்.

நமக்கு வேண்டுவது புள்ளிகளின் தொகையன்று, நிறத்தின் உண்மை. பல கைபேசிகள் கண்ணைக் கவரவேண்டி நிறத்தைத் தாமாகவே தூக்கிக் காட்டுகின்றன. அரக்குச் சேலை செக்கச்செவேலென்று படத்தில் தோன்றினால், வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் திருப்பியனுப்பிவிடுவார். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலையின் இரட்டை ஒளியை எந்தக் கைபேசியும் ஒரே படத்தில் காட்டமாட்டாது; இரு கோணங்களில் இரண்டு படங்களோ, மடிப்பை அசைத்தெடுத்த சிறு வீடியோவோ தேவை. நெருங்கிய கட்டமும் கோடும் உள்ள துணியைப் படமெடுத்தால், துணியில் இல்லாத அலையலையான வரிகள் திரையில் தோன்றுவதுண்டு. காமிராவின் புள்ளி வரிசையும் துணியின் இழை வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வரும் தோற்றம் அது. சற்று விலகியோ சாய்ந்தோ எடுத்தால் மறையும். ஆகவே கடைக்குச் செல்லும்போது உங்கள் தறியில் நெய்த சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். போட்டியிடும் இரண்டு கைபேசிகளிலும் வாசல் வெளிச்சத்தில் அதைப் படமெடுத்து, சேலையைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

விவசாய அங்கத்தினருக்கு முக்கியமானவை வேறு. வெயிலில் திரை தெரிகின்றதா என்பதைக் கடையின் விளக்கொளியில் அறிய முடியாது; அதற்கும் வாசலுக்கே வரவேண்டும். பி.எம். கிசான் திட்டத்தில் 2023 ஜூன் முதல் முகத்தைக் காட்டி அடையாளம் மெய்ப்பிக்கும் வசதி இருப்பதால், முன்பக்கக் காமிராவையும் சோதித்துக்கொள்வது நல்லது. ஐ.பி. என்ற எழுத்துக்களுக்குப் பின்வரும் இரண்டு இலக்கங்களில் முன்னது தூசியையும் பின்னது நீரையும் தாங்கும் திறனைக் குறிக்கும். 54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே பொருள். கிணற்றில் விழுந்தால் அன்று.

வயற்காட்டில் அலை கிடைப்பது எல்லாவற்றிலும் முக்கியம். 5ஜி என்று எழுதியிருந்தால் எல்லாக் கம்பெனியின் 5ஜி-யும் கிடைக்குமென்று எண்ணலாகாது. நம் நாட்டில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது, ஜியோ கம்பெனி அதைத் தனித்து இயங்கும் முறையில் அமைத்தது. ஏர்டெல் பழைய 4ஜி அமைப்பின் மேலேயே அமைத்தது. 2024 நவம்பரில் மிக மலிவான 5ஜி கைபேசி என்று வெளிவந்த ரெட்மி ஏ4 தனித்து இயங்கும் முறையை மட்டும் ஏற்பது. ஆகவே அன்று ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு அது 4ஜி கைபேசியாகவே இருந்தது. பெட்டியில் அச்சிட்டிருந்தது பொய்யில்லை; முழு உண்மையுமில்லை. நம் வயலில் எந்தக் கம்பெனியின் அலை கிடைக்கின்றது என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்ற கைபேசியைப் பின்னர் தேடுவதே முறை.

"எட்டும் எட்டும் பதினாறு ஜி.பி. ரேம்" என்னும் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் எட்டே உண்மையான ரேம். இரண்டாவது எட்டு, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகமும் மிகக் குறைவு. ஒரே தொகையை இரண்டு பத்திகளில் வரவு எழுதிய பேரேட்டை யான் தணிக்கையில் ஏற்றுக்கொள்வதில்லை. இதையும் அவ்வாறே கொள்க.

பேட்டரி, உதிரி உறுப்புக்கள் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை அமல் நடத்துகின்றது. 800 முறை முழு அளவு ஏற்றி இறக்கிய பின்னும் பேட்டரி தன் கொள்ளளவில் 80 சதவீதத்தையேனும் காத்திருக்கவேண்டும். ஒரு ரகத்தின் விற்பனை நின்ற பின்னும் ஏழாண்டுகளுக்கு முக்கிய உறுப்புக்கள் கிடைக்கவேண்டும். அச்சட்டம் நம்மைச் சேராது. எனினும் அங்கு விற்கும் ஒவ்வொரு ரகத்திற்கும் பழுது பார்க்கும் எளிமையைத் தரம் பிரித்துச் சீட்டு ஒட்டுகின்றனர். அதே ரகம் இங்கும் விற்பனைக்கு வருமாயின், வீட்டில் படித்த பிள்ளைகளைக் கொண்டு அச்சீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, தவணை. இவ்விஷயத்தில் நம் அங்கத்தினர் காட்டும் அசட்டை எனக்கு வருத்தம் தருகின்றது. "வட்டியில்லாத் தவணை" என்று ஒன்று உண்மையில் இல்லையென்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கின்றது. வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கும். தவணையில் மாதம் 1,500 வீதம் பன்னிரண்டு மாதத்திற்கு 18,000 ரூபாய் என்கின்றார் கடைக்காரர். அதே கைபேசி ரொக்கத்திற்கு எவ்வளவு என்று கேளுங்கள். 16,500 என்பாராயின், நீங்கள் இழக்கும் 1,500 ரூபாயே வட்டி. அதை 18,000-க்கு ஓராண்டு வட்டியென்று கொண்டு எட்டு சதவீதந்தானே என்று எண்ணிவிடக் கூடாது. மாதந்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி ஆண்டுக்கு 16 சதவீதத்திற்கு மேலாகின்றது. நடைமுறைக் கட்டணம் என்று முன்னால் ஒரு தொகை பிடித்தால் இன்னும் ஏறும். விதைப்புக் காலத்திலும் தறி நிற்கும் மாதத்திலும் அந்தத் தவணை தவறாமல் வந்து நிற்கும். ஆறு மாதம் பொறுத்து ரொக்கம் சேர்த்துக்கொள்ளக்கூடியவர், அதுவரை பழைய கைபேசிக்குப் பேட்டரி மாற்றி ஓட்டுவது சிறந்தது.

ஒருவர் உபயோகித்த கைபேசியை வாங்குவதிலும் தவறில்லை. மீதமுள்ள புதுப்பிப்பு ஆண்டுகளைக் கணக்கிட்டே விலை பேசவேண்டும். பணம் கொடுக்குமுன் அதில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் தோன்றும். உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், கருவி எந்த ரகம், தடைசெய்யப்பட்டதா என்பது தெரியவரும். திருட்டுப்போனதென்று பதிவான கருவி இதில் அகப்பட்டுவிடும். விற்பவர் தம் கூகிள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண்ணெதிரே நீக்கித் தரவேண்டும்; இல்லையேல் கருவி பின்னர் பூட்டிக்கொள்ளும். நீங்கள் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும்போதும் அதே காரியத்தைச் செய்து, வங்கிச் செயலிகளை அகற்றி, உள்ளிருப்பவை அனைத்தையும் அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகே கடைக்காரரிடம் ஒப்படைக்கவும்.