முதுகுக்கு முன் தோற்கும் கை

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் பழகும் பலருக்கு ஒரு கட்டத்துக்குமேல் எடை ஏறுவதில்லை. காலும் முதுகும் தூக்கத் தயாராக இருக்கும். பார் மட்டும் விரல்களைத் திறந்துகொண்டு நழுவும். உடனே சிலர் மணிக்கட்டைப் பாரோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டிக்கொள்கிறார்கள். சிலர் கடையில் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கிப் பொழுதெல்லாம் அமுக்குகிறார்கள். ஸ்ட்ராப் பலவீனத்தை மறைக்கிறது, கிரிப்பர் வேறொரு வலுவை வளர்க்கிறது. கனத்தைப் பிடித்து நிறுத்தும் வலு வேண்டுமானால், கனத்தைப் பிடித்து நிறுத்தித்தான் அதைப் பெற வேண்டும்.

காரணம் முன்கையின் அமைப்பில் இருக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. அதனால் மணிக்கட்டின் நிலை மாறினால் பிடியின் வலுவும் மாறும். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடித்து வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், இறுக்கமே வராது. சற்றுப் பின்னோக்கி நிமிர்த்தினால் வலு திரும்பிவிடும். கிரிப்பரை அமுக்கும்போது விரல்கள் மூடித் திறப்பதால் தசைக்குள் ரத்தம் இடைவெளி விட்டுப் பாய்கிறது. கனத்த பாரைப் பிடித்து நிற்கும்போது அந்த இடைவெளி கிடையாது; இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெருக்குகிறது, சில விநாடிகளிலேயே களைப்பு ஏறுகிறது. கிரிப்பர் மிகக் கடினமாவது கை மூடிமுடியும் இடத்தில். பாரிலோ விரல்கள் ஓர் உருளையைச் சுற்றிப் பாதி திறந்த நிலையில் போராடுகின்றன. அசையாமல் இறுக்கிப் பெறும் வலு, பயிற்சி செய்த மூட்டுக் கோணத்தை ஒட்டியே பெரிதும் வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒன்றில் பெற்றது மற்றதற்கு முழுதாக வந்து சேராததற்குக் காரணம் இதுதான்.

உருளையின் தடிமன் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பளுதூக்கும் வரலாற்றிலேயே சான்று உண்டு. போட்டிகளில் ஆண்களுக்கான பார் 28 மி.மீ., பெண்களுக்கானது 25 மி.மீ. ‘அப்போலோன்’ என்று பெயரெடுத்த பிரெஞ்சுப் பலசாலி லூயி யூனி பயன்படுத்திய ரயில் அச்சு கிட்டத்தட்ட 49 மி.மீ. தடிமன், ஏறத்தாழ 166 கிலோ எடை. 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜான் டேவிஸுக்கு 166 கிலோ எட்டாத எடையே அல்ல. ஆனாலும் 1949-ல் அந்த அச்சைத் தலைக்குமேல் உயர்த்த அவர் கடுமையாகப் போராட வேண்டியிருந்தது. முதுகுக்குப் பழகிய எடை, கைக்குப் புதிதாகிவிட்டது.

டெட்லிஃப்ட் போட்டாலே பிடி தானாக வளருமே என்று கேட்கலாம். தொடக்கத்தில் வளரும், மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாரைத் தரையில் வைத்துவிடுவதால் கை தொடர்ந்து எடை தாங்குவது சில விநாடிகளே. கடைசி முறை தூக்கியதும் கீழே வைக்காமல் 10 முதல் 20 விநாடி நின்றால் அந்தக் குறை பெருமளவு தீரும். பளுதூக்கு வீரர்களே பயிற்சியில் ஸ்ட்ராப் கட்டுகிறார்களே என்பது வலுவான கேள்வி. அவர்கள் கட்டைவிரலைப் பாரோடு ஒட்டி, மற்ற விரல்களால் அதை மூடிப் பூட்டும் ‘ஹூக்’ பிடியை முதலில் கைவசப்படுத்தியவர்கள். திரும்பத் திரும்ப இழுக்கும்போது கட்டைவிரல் தேயாமலிருக்கவே ஸ்ட்ராப் கட்டுகிறார்கள். மேடையில் விதி அதை அனுமதிப்பதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பளுதூக்கு வீராங்கனை மீராபாய் சானு 115 கிலோவைத் தலைக்குமேல் நிறுத்தியது வெறும் கைப்பிடியில்தான். கை தளர்ந்த பிறகு, முதுகுக்கு இன்னும் வேலை தர வேண்டிய கடைசிச் சுற்றுகளுக்கு ஸ்ட்ராப் இருக்கட்டும்.

பிடிவலு கூடினால் ஆயுள் கூடும் என்ற பேச்சையும் தெளிவுபடுத்த வேண்டும். 2015-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைக் கவனித்தது. பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் மரண வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் எண். காரணத்தை நிறுவும் எண் அல்ல. கைப்பிடி உடல் முழுவதன் தசைநிலைக்கும் அடையாளமாக நிற்கிறது. எனவே சோபாவில் உட்கார்ந்து ஸ்பிரிங்கை அமுக்குவதால் ஆயுள் நீளும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இரு கைகளிலும் கனமான டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் கம்பியில் தொங்குவதும் மேலானவை. அவற்றில் தோள், முதுகு, இடுப்பு, கால்கள் எனப் பல பகுதிகளும் கையோடு சேர்ந்து உழைக்கின்றன.

வாரம் இரண்டு நாள், இழுக்கும் பயிற்சிகள் முடிந்த பிறகு இந்தப் பிடிப் பயிற்சிகளைச் செய்தால் போதும். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் உறுதிப்படும். அவசரப்பட்டால் முழங்கையின் உள்பக்கம் வலி வந்து மாதக்கணக்கில் நிற்கும். மூச்சை அடக்கி இறுக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே கனத்த எடையில் கை வைக்க வேண்டும்.