மின்புல அலகுகளுக்குள் மறைந்திருக்கும் ஒளிவேகம்

ஒரு மின்னூட்டத்தைச் சூழ்ந்த வெளியில் வேறொரு மின்னூட்டத்தை வைத்தால் அதன்மீது விசை செயல்படும். அந்த வெளியின் ஒரு புள்ளியில் ஒரு கூலூம் மின்னூட்டம் எத்தனை நியூட்டன் விசையை உணரும் என்பதே அப்புள்ளியின் மின்புல வலிமை. இந்த வரையறையின்படி அதன் அலகு நியூட்டன்/கூலூம் ஆகும். பாடநூல்களிலும் ஆய்வகங்களிலும் மிகுதியாகக் காணப்படும் வோல்ட்/மீட்டர் என்னும் அலகோ, ஒரு மீட்டர் தொலைவுக்குள் மின்னழுத்தம் எத்தனை வோல்ட் மாறுகிறது என்பதை, அதாவது மின்னழுத்தத்தின் சரிவைக் குறிக்கிறது. ஒரு வோல்ட் என்பது ஒரு கூலூமுக்கு ஒரு ஜூல் என்பதாலும், ஒரு ஜூல் என்பது ஒரு நியூட்டன் விசை ஒரு மீட்டர் தூரம் செய்யும் வேலை என்பதாலும் இவ்விரண்டும் சற்றும் வேறுபடாத ஒரே அளவுதான்.

பொறியாளர்கள் மீட்டரை விட்டுச் சென்டிமீட்டரையும் மில்லிமீட்டரையும் நாடுவது மின்காப்புப் பொருள்களின் தடிமன் அந்த அளவிலேயே இருப்பதால்தான். இங்கே மாணவர்கள் அடிக்கடி இடறுவது நீளம் வகுக்கும் இடத்தில் இருப்பதை மறப்பதால்: 1 சென்டிமீட்டர் 0.01 மீட்டராக இருந்தாலும், 1 வோல்ட்/சென்டிமீட்டர் என்பது 100 வோல்ட்/மீட்டர். இயல்பான அழுத்தத்தில் உள்ள காற்று தன் மின்காப்புத் தன்மையை இழந்து பொறி பறக்கவிடும் எல்லையை ஒருவர் 30 கிலோவோல்ட்/சென்டிமீட்டர் என்றும், இன்னொருவர் 3 கிலோவோல்ட்/மில்லிமீட்டர் என்றும், மற்றொருவர் 30 லட்சம் வோல்ட்/மீட்டர் என்றும் எழுதலாம், மூன்றும் ஒன்றே. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கான 'மில்' என்னும் நீள அலகை அமெரிக்க மின்காப்பு அட்டவணைகள் இன்றும் கையாள்வதால், அவற்றில் வரும் 1 வோல்ட்/மில் என்பதை 39,370 வோல்ட்/மீட்டர் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பீடு சாத்தியமாகிறது, சில ஒப்பீடுகள் வியப்பையும் தருகின்றன. மேகமற்ற நாளில் தரைக்கு அருகே இயற்கையாக நிலவும் மின்புலம் ஏறத்தாழ 100 வோல்ட்/மீட்டர். நரம்புச் செல்லின் சவ்வுக்கு இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு 0.07 வோல்ட் மட்டுமே என்றாலும், அந்தச் சவ்வின் தடிமன் சுமார் 7 நானோமீட்டர் என்பதால் அதனுள் நிலவும் மின்புலம் ஒரு கோடி வோல்ட்/மீட்டரை எட்டுகிறது. காற்றைப் பிளக்கும் புலத்தைவிட மூன்று மடங்குக்கும் மேலான இந்தப் புலத்தை ஒவ்வொரு மனிதரும் எத்தீங்குமின்றிச் சுமப்பதற்குக் காரணம், முழுச் சவ்வையும் கடக்கும் எலக்ட்ரான்கூட 0.07 வோல்ட்டுக்குரிய சிறிய ஆற்றலையே பெறும் என்பதும், மூலக்கூறுகளை உடைத்து அயனியாக்க அது எவ்வகையிலும் போதாது என்பதும்தான்.

இதுவரை கண்டவை நீளத்தின் அளவுகோலை மாற்றியதால் வந்த எண்கள். சென்டிமீட்டர்-கிராம்-விநாடி முறையின் நிலைமின்னியல் அலகுக்கு வரும்போது கதை மாறுகிறது. அம்முறையில் மின்னூட்டத்தின் அலகான ஸ்டாட்கூலூம், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வெற்றிடத்தில் வைக்கப்பட்ட இரு சம மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஒரு டைன் விசையுடன் தள்ளும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு டைன் என்பது நியூட்டனில் லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கூலூமில் அடங்கும் ஸ்டாட்கூலூம்களோ 2,99,79,24,580. ஆகவே ஒரு ஸ்டாட்கூலூமுக்கு ஒரு டைன், அதாவது ஒரு ஸ்டாட்வோல்ட்/சென்டிமீட்டர், 29,979.2458 வோல்ட்/மீட்டருக்குச் சமமாகிறது.

இந்த இலக்கங்களை அறியாதவர் குறைவு. விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்னும் ஒளியின் வேகத்தில் தசமப் புள்ளியை நகர்த்தினால் கிடைப்பவையே இவை. ஓய்ந்திருக்கும் மின்னூட்டங்களின் விசையைக் கொண்டு ஒரு மின்னூட்ட அலகையும், மின்னோட்டங்களுக்கிடையிலான காந்த விசையைக் கொண்டு மற்றோர் அலகையும் வரையறுத்தால், இரண்டின் விகிதம் ஒரு வேகமாக அமைகிறது. வில்ஹெல்ம் வெபரும் ருடால்ஃப் கோல்ராஷும் லெய்டன் சாடி ஒன்றில் மின்னூட்டத்தைச் சேமித்து, அதனை நிலைமின்னியல் முறையில் ஒரு முறையும், கால்வனாமீட்டர் வழியே பாயவிட்டு மறுமுறையும் அளந்து, 1856இல் வெளியிட்ட முடிவிலிருந்து அந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3,10,740 கிலோமீட்டர் என்று கிடைத்தது. அது ஃபிசோ 1849இல் அளந்த ஒளிவேகத்தை ஒட்டியிருந்ததைக் கண்டே மாக்ஸ்வெல், ஒளியும் மின்காந்த நிகழ்வுகளும் ஒரே ஊடகத்தின் அசைவுகள் என்ற முடிவுக்கு 1862இல் வந்தார். வெறும் அலகு மாற்றக் காரணியாகத் தோன்றிய ஓர் எண் இயற்கையின் ஆழமான ஒற்றுமையைக் காட்டிக்கொடுத்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று இயற்பியல் வரலாற்றில் அரிது.

அதே ஒளிவேகம் செல்பேசிக் கோபுரங்களைப் பற்றிய கணக்கிலும் நுழைகிறது. பரவும் மின்காந்த அலையில் ஒரு சதுர மீட்டர் வழியே செல்லும் திறனைக் காண, வோல்ட்/மீட்டரில் உள்ள மின்புல வலிமையை வர்க்கப்படுத்தி 377 ஓம் என்னும் வெற்றிடத்தின் மின்மறுப்பால் வகுக்க வேண்டும். அந்த 377, வெற்றிடத்தின் காந்த மாறிலியை ஒளிவேகத்தால் பெருக்கியதால் வருவது. பொதுமக்கள்மீது படும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல் 1998இல் விதித்த எல்லை சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012 செப்டம்பர் முதல் அதைப் பத்தில் ஒரு பங்காக, 0.45 வாட்டாகக் குறைத்தது. ஆனால் மின்புலக் கணக்கில் எல்லை 41 வோல்ட்/மீட்டரிலிருந்து 4.1 ஆகக் குறையவில்லை. வர்க்கத் தொடர்பின் காரணமாக 13 வோல்ட்/மீட்டர் ஆயிற்று. வானொலிப் பொறியாளர்கள் மைக்ரோவோல்ட்/மீட்டரை அடிப்படையாகக் கொண்டு டெசிபலில் குறிக்கும்போது 41 வோல்ட்/மீட்டர் 152.3 என்றும், 13 வோல்ட்/மீட்டர் 142.3 என்றும் வருகின்றன. இடையில் நிற்கும் 10 டெசிபல், திறன் பத்தில் ஒரு பங்காகக் குறைவதைக் குறிக்கும் அதே 10 டெசிபல்தான்.