முதலில் ஊகம், பிறகு சோதனை

பிள்ளைக்கு விலையுயர்ந்த அறிவியல் பெட்டி வாங்கும் முன் ஓர் அட்டையில் ஆணியால் துளையிடுங்கள். இருட்டறையில் துளைக்கு முன்னே இரு மெழுகுவர்த்திகளை இடம் வலமாக ஏற்றி, பின்னே வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டு ஒளிப்புள்ளிகள் விழும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம் அவர்கள் விளக்குகளை வரிசையாக வைத்து ஆராய்ந்த முறை இது.

"இடப்பக்கச் சுடரை மறைத்தால் எந்தப் புள்ளி மறையும்?" என வினவுங்கள். விடை வரும்வரை சுடரை மறைக்காதீர்கள்!

2004இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மஸூர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் கூறுகிறது. சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், பாராதவர்களைவிட அதிகமாக விளங்கிக்கொள்ளவில்லை. முன்கூட்டியே ஊகித்தவர்களே தெளிவடைந்தனர்.

பெரும்பாலான பிள்ளைகள் "இடப்புள்ளி" என்பார்கள். திருத்தாதீர்கள், சுடரை மறையுங்கள். வலப்புள்ளி மறைவதைக் கண்டு, "ஏன் உம்மா?" என்று பிள்ளையே கேட்கும்.