வேலிக்குச் சதுரக்கள்ளி

முள்கம்பி வேலிக்கு வசதியில்லையா? மானாவாரி நிலத்தின் வரப்போரம் சதுரக்கள்ளி நடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஆடு வாய் வைக்காது, தண்ணீரும் கேட்காது.

நடும்போதுதான் பலர் அவசரப்படுகிறார்கள். வெட்டிய கையோடு ஈரமண்ணில் ஊன்றினால் அடி அழுகிச் சாய்ந்துவிடும். முழ நீளத் துண்டாக வெட்டி, ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டு வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டவேண்டும். வாடிப்போகுமே என்று பயப்படாதீர்கள், கள்ளி லேசில் சாகாது! பிறகு முழத்துக்கு ஒன்றாக, சாண் ஆழம் ஊன்றி மண்ணை மிதித்து விடுங்கள். தண்ணீர் தேங்கும் இடமானால் மண்ணை மேடாக அணைத்து நடவேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்பே வேர் பிடித்துவிட்டால் நல்லது.

இன்னொன்று. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது, இதில் உண்டு. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே அண்ணாந்து பார்த்து வெட்டாதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால், கசக்காமல், நல்ல தண்ணீரால் கால்மணி நேரம் விடாமல் கழுவுங்கள். பிறகு நேரே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.