கொள்ளு குதிரையின் குடலுக்குள் போனபின்

குதிரைக்குக் கொள்ளு கொடுத்தால் சதை பிடிக்கும் என்பது லாயங்களில் பழைய நம்பிக்கை. கொள்ளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு, அதனால் அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் புரதம் குடலின் எந்த இடத்தில் செரிக்கிறது என்பதைப் பொறுத்தே சதையா, சிறுநீரா என்பது முடிவாகிறது.

முதலில் இரைப்பை. அமிலமும் பெப்சினும் புரதத்தை உடைக்கத் தொடங்குகின்றன. அடுத்து சிறுகுடல், 20 மீட்டருக்கு மேல் நீளம். அங்கே டிரிப்சின் போன்ற நொதிகள் மிச்சத்தை அமினோ அமிலங்களாக்க, அவை இரத்தத்தில் சேர்கின்றன. சதைக்கும் குளம்புக்கும் சினைக்கும் போவது பெரும்பாலும் இங்கே கிடைத்ததுதான். இவ்வளவு நீளமிருந்தும் தீவனம் சில மணி நேரத்தில் இதைக் கடந்துவிடுகிறது. பச்சைக் கொள்ளில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது பெருமளவு குறையும். கொள்ளை அவித்துக் கொடுத்த பழைய குதிரைக்காரர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இங்கே தப்பிய புரதம் குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் போகிறது. கோடானுகோடி நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக்கும் இடம் இது. குதிரையின் ஆற்றலில் பெரும்பங்கு இங்கிருந்தே கிடைக்கிறது. வந்த புரதத்தை நுண்ணுயிரிகள் பிய்த்து அமோனியாவாக்குகின்றன. அதில் ஒரு பகுதியைக் கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. மாட்டில் இந்த நொதிப்பு சிறுகுடலுக்கு முன்னாலேயே நடப்பதால், நுண்ணுயிரிகளின் புரதமும் பிறகு செரித்து மாட்டுக்குப் பயனாகிறது. குதிரையில் வரிசை தலைகீழ்: அந்தப் புரதத்தில் பெரும்பகுதி லத்தியோடு வெளியேறிவிடுகிறது.

மிஞ்சிய அமோனியா இரத்தம் வழியே கல்லீரலுக்குப் போய் யூரியாவாகிறது. கொஞ்சம் குடலுக்கே திரும்பும். மற்றது சிறுநீரில் இறங்கும். புரதம் மிகுந்தால் குதிரை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், கூடுதலாகச் சிறுநீர் கழிக்கும். லாயத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, காசு கொடுத்து வாங்கிய புரதத்தின் நெடிதான்.

அதற்காகப் புரதத்தை ஒரேயடியாக வெட்டவும் கூடாது. நைட்ரஜன் போதாவிட்டால் நுண்ணுயிரிகள் பெருக முடியாது; நார் சரியாகச் செரிக்காமல், வயிறு நிறையத் தின்றும் குதிரை மெலியும். வைக்கோலை மட்டுமே நம்பும் குதிரைகளுக்கு நேர்வது இதுதான்.

இன்னொன்று. பெருங்குடல் புளித்து, குளம்புக்குள் அழற்சி கண்டால் பழி பெரும்பாலும் புரதத்தின் மேல் விழுகிறது. உண்மைக் குற்றவாளி, சிறுகுடலில் செரிக்காமல் வழிந்த மாவுச்சத்து. கொள்ளில் பாதிக்கு மேல் மாவுச்சத்தும் மற்ற கார்போஹைட்ரேட்டுகளும்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அளவு எவ்வளவு? வேலையில்லாத 500 கிலோ குதிரைக்கு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் சொன்னது, நாளுக்குச் சுமார் 630 கிராம் புரதம். 8 சதவீதப் புரதமுள்ள காய்ந்த புல் 10 கிலோ தின்றாலே 800 கிராம் வந்துவிடும். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் குதிரைமசாலோ கொள்ளோ சேருங்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நல்ல புல் போதும்.