அம்மாவுக்கு எந்த ரெக்கார்டர்?

ராத்திரி எட்டு மணி சீரியலுக்கு அம்மா உட்கார்ந்த பிறகுதான் பேரனிடமிருந்து வீடியோ கால் வரும். ஓடுகிற நிகழ்ச்சியை அப்படியே நிறுத்திவைத்துப் பிறகு பார்க்கவும், ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் பதிந்துவைக்கவும் உதவுவது டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர். 1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெயர்களில் தனிப் பெட்டியாக வந்தது. இந்தியாவில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் இதை செட்டாப் பாக்ஸுக்குள்ளேயே வைத்துத் தந்தது. இன்று பல பெட்டிகளில் யு.எஸ்.பி. துளை மட்டும் இருக்கும். பென் டிரைவையோ ஹார்டு டிஸ்க்கையோ நாம்தான் செருக வேண்டும்.

செயற்கைக்கோளிலிருந்து படமும் ஒலியும் சுருக்கப்பட்ட டிஜிட்டல் தகவலாகவே வருகின்றன. பெட்டி அதை டிஸ்க்கில் எழுதிக்கொள்கிறது. வினாடிக்கு 3 மெகாபிட் அளவில் வரும் சேனலுக்கு மணிக்குச் சுமார் 1.35 ஜிபி ஆகும். 32 ஜிபி பென் டிரைவில் இருபது மணி நேரத்துக்கு மேல் அடங்கிவிடும். எச்.டி. சேனலுக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். பழைய வீடியோ கேசட் நாடாவில் பதிவு முடிந்த பிறகுதான் முதலிலிருந்து பார்க்க முடிந்தது. டிஸ்க்கில் ஓரிடத்தில் எழுதிக்கொண்டே இன்னோரிடத்தில் படிக்கலாம். நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தித் தொடர முடிவது அதனால்தான்.

கடையில் ஜிபி கணக்கைத்தான் முதலில் சொல்வார்கள். நான் ரிமோட்டைத்தான் முதலில் கையில் வாங்கிப் பார்ப்பேன். வயதானவர்கள் வீட்டில் டிவி 'கெட்டுப்போவது' பெரும்பாலும் டிவி ரிமோட்டில் உள்ள சோர்ஸ் பட்டனில் விரல் பட்டுவிடுவதால்தான். திரை நீலமாகிவிடும், மகன் வரும்வரை அப்படியே இருக்கும். டிவியின் பவர், ஒலி பட்டன்களையும் கற்றுக்கொள்ளும் ரிமோட் சில பெட்டிகளோடு வருகிறது. அப்படிப்பட்டதை வாங்கினால் டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். அம்மாவிடம் ஒரே ரிமோட்தான் இருக்கும்.

பதியச் சொல்வது வேறு, பதிந்ததைப் பார்ப்பது வேறு. முதலாவதை நாம் செய்துகொடுக்கலாம். 'தொடர் முழுவதும்' பதியும் வசதி இருந்தால் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், ஒவ்வொரு நாளும் தானே பதியும். சில நிறுவனங்களின் செயலியில் வெளியூரிலிருந்தே சொல்லிவைக்கலாம். இரண்டாவதை அம்மாவேதான் செய்ய வேண்டும். அதனால் அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். பதிந்த நிகழ்ச்சிகளின் பட்டியலுக்கு நேராகப் போக ஒரு பட்டன் இருக்கிறதா, திரையின் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை அவரே அழுத்திப் பார்க்கட்டும். மெனுவுக்குள் மெனுவாகப் போகும் பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், நான் வாங்கமாட்டேன்.

ஒரு சேனலைப் பதியும்போது இன்னொன்றைப் பார்க்கப் பெட்டியில் இரண்டு டியூனர் வேண்டும். அப்பா செய்தி பார்க்கிற வீடு என்றால் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். டி.டி.எச். பெட்டியில் பதிந்தது பூட்டப்பட்டிருக்கும். பென் டிரைவைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. பெட்டியை மாற்றினால் பழைய பதிவுகள் போனதுதான். கனமழையில் டிஷ்ஷுக்கு சிக்னல் வராவிட்டால் அந்த நேரப் பதிவும் கிடையாது.

மின்சாரம் போய் வந்ததும் சில பெட்டிகள் தானே விழித்துக்கொள்ளும், சில யாராவது பட்டனை அழுத்தும்வரை கிடக்கும். வாங்கிய அன்றே சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள். படுக்கப் போகும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், செட்டாப் பாக்ஸ் சுவிட்சின்மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவைக்க வேண்டும்.