செய்திகளின் முந்துரிமையும் ஆயுளும்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் குமரி முனைக்கு அருகே ‘ஒக்கி’ புயல் வலுப்பெற்றது. திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறை, விழிஞம் முதலிய ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றிருந்தோர் பலர், எச்சரிக்கை வெளிவருமுன்னரே கைபேசிக் கோபுரங்களின் எல்லையைக் கடந்திருந்தனர். செய்தி எட்டாமையால் பலர் உயிரிழந்தனர். இக்குறையைப் போக்க, 2019-இல் ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகமாயிற்று. ‘ககன்’ செயற்கைக் கோள்கள் வழியே வரும் கடல் எச்சரிக்கைகளை இது ஏற்று, மீனவரின் கைபேசிக்கு அளிக்கிறது. இது ஒருவழிப் பாதை; படகிலிருந்து மறுமொழி வாராது.

இத்தகைய பாதை எதுவாயினும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எச்செய்தி முன்னே செல்லவேண்டும்? எச்செய்தி எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

கணிப்பொறி வலையமைப்பில் செய்திகள் ‘பாக்கெட்’ எனப்படும் சிறு சிப்பங்களாகச் செல்கின்றன. வெளிச்செல்லும் பாதை குறுகலாயின், அவை இடைத்தேக்கம் என்னும் நினைவகத்தில் வரிசையாக நிற்கும். விநாடிக்கு 1,000 பைட்டுகள் செல்லும் பாதையின் முன் 60,000 பைட்டுகள் தேங்கியிருப்பதாகக் கொள்வோம். புதிதாய் வந்த புயற்செய்தி கடைசியில் நின்றால் ஒரு நிமிடம் காத்திருக்க நேரிடும். அதற்கு முந்துரிமை அளித்தாலோ, அப்போது சென்றுகொண்டிருக்கும் சிப்பம் முடியும் வரை மட்டுமே நிற்கும். அச்சிப்பம் 500 பைட்டுகளாயின் தாமதம் அரை விநாடிக்கு மேற்படாது.

1981-இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையிலேயே இதற்கு இடமுண்டு. சிப்பத்தின் தலைப்பில் மூன்று பிட்டுகள் எட்டுப் படிநிலைகளைக் குறித்தன. ஆனால் உயர்ந்த படிக்கே எப்போதும் வழிவிட்டால், தாழ்ந்த படியிலுள்ளவை என்றுமே நகரா. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் பாதையில் ஒரு பங்கு ஒதுக்கும் முறையும் கையாளப்படுகிறது.

முந்துரிமை மட்டும் போதாது. ‘கடல் அமைதி’ என்று காலையில் புறப்பட்ட செய்தி தேக்கத்தில் தங்கி, ‘உடனே கரை திரும்புக’ என்னும் செய்திக்குப் பின்னர்ப் படகை அடைந்தால் விளைவு யாதாகும்? அது வாராதிருத்தலே நன்று. எனவே சிப்பத்துக்கு ஆயுளும் வேண்டும்.

மேற்கூறிய நெறிமுறையில் ஆயுள் எண் 255 வரை இருக்கலாம். அது விநாடிகளைக் குறிக்கவே எண்ணப்பட்டது; நடைமுறையில் ஒவ்வொரு ரூட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைகிறது. ஆதலின் ஒரே தேக்கத்தில் நெடுநேரம் நின்ற சிப்பத்தை அது காட்டிக்கொடாது. 2012-இல் காத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட ‘கோடெல்’ முறை காத்திருப்பு நேரத்தையே அளக்கிறது. அந்நேரம் 100 மில்லி விநாடிக் காலம் முழுவதும் 5 மில்லி விநாடிக்குக் குறையாதிருப்பின், சிப்பங்களை நீக்கத் தொடங்குகிறது.

எனினும் செய்தி எப்போது பயனற்றதாகும் என்பதை ரூட்டர் அறியாது, அனுப்புவோரே அறிவர். இதனாலேயே பேரிடர் அறிவிப்புகளுக்கான பொது எச்சரிக்கை நெறிமுறை, அவசரத்தின் அளவையும் காலாவதி நேரத்தையும் செய்தியிலேயே குறிக்க வகைசெய்கிறது. தேக்கத்தைப் பெரிதாக்கினால் எச்செய்தியும் இழக்கப்படாது என்று கருதுதல் தவறு. காலங்கடந்தவை விலகினாலன்றிப் புதிய எச்சரிக்கைக்கு வழி கிடைப்பதில்லை.